ஒட்டும் பசையும் ஒளிந்திருக்கும் விரிசலும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

மனிதன் தோன்றிய நாள்முதல் ஒன்றோடு ஒன்றை இணைத்தே வாழ்ந்து வருகிறான். கட்டையோடு கட்டையைக் கயிற்றால் கட்டினான். மரத்தோடு மரத்தை ஆணியால் அறைந்தான். இரும்போடு இரும்பைத் தறையாணியாலும் பற்றவைப்பாலும் பொருத்தினான். அதே மனிதன் இன்று ஆகாயத்தில் பறக்கும் விமானத்தின் பாகங்களைப் பசையால் ஒட்டுகிறான் என்றால் நம்மில் எத்தனை பேர் நம்புவோம்? கிழிந்த புத்தகத்தை ஒட்டும் கோந்தையும், அடுப்பில் காய்ச்சிய மைதாப் பசையையும் மட்டுமே அறிந்த நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். ஆயினும் இது உண்மை.

இவ்வியப்பைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் ராயக்கோட்டையிலிருந்து வடக்கே ரயிலேறினால் ஓசூர் வந்துவிடும். ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் விமானத் தளமும் பணிமனையும் உள்ளன. பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் 'ஹன்சா' என்னும் சிறு பயிற்சி விமானத்தை வடிவமைத்தது. இருவர் அமரக்கூடிய இவ்விமானம் 1993 நவம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. பின்னர் 'ஹன்சா' விமானங்கள் இப்பணிமனையில் உருவாயின. அவற்றின் உடலும் இறக்கையும் உலோகத் தகட்டால் ஆனவையல்ல. இழையும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆனவை. அதன் புதிய வடிவமான 'ஹன்சா என்.ஜி.' 2021 செப்டம்பர் 3 அன்று பறந்தது.

இத்தகைய கூட்டுப்பொருள்களைப் பசையால் ஒட்டும்போது அந்த ஒட்டு எவ்வாறு களைப்படைகிறது, எங்கே விரிசல் விடுகிறது, அதைத் தடுக்க மனிதன் என்ன செய்கிறான் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கூட்டுப்பொருள் என்றால் என்ன?

இரண்டு வேறு பொருள்கள் தத்தம் குணத்தை இழக்காமல் ஒன்று சேர்ந்து, தனித்தனியே தமக்கு இல்லாத பலத்தைப் பெறுமாயின் அதுவே கூட்டுப்பொருள் எனப்படும். நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தனர். வெறும் களிமண்ணால் சுவர் எழுப்பினால் காய்ந்தவுடன் வெடித்துப் போகும். வெறும் வைக்கோல் சுவராக நிற்காது. களிமண்ணில் வைக்கோலைக் கலந்து மிதித்து எழுப்பிய சுவரோ பல மழைக்காலங்களைத் தாங்கி நின்றது. மண் அழுத்தத்தைத் தாங்கியது; வைக்கோல் இழுப்பைத் தாங்கியது. மூங்கிலும் இயற்கை நமக்குத் தந்த ஒரு கூட்டுப்பொருளே.

இன்றைய கூட்டுப்பொருளில் வைக்கோலின் இடத்தில் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ உள்ளது. களிமண்ணின் இடத்தில் எப்பாக்சி போன்ற ரெசின் உள்ளது. இழைத் துணியை ரெசினில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சூடாக்கி இறுகச் செய்கிறார்கள். விமானத்துக்கான முக்கியப் பாகங்களை 'ஆட்டோகிளேவ்' என்னும் பெரிய கலத்துள் வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்குகிறார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கரை ஓர் அறை அளவுக்குப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டால் அதுவே ஆட்டோகிளேவ்!

இவ்வாறு உருவாகும் பொருள் எடையில் மிகக் குறைவு. பலத்தில் எஃகுக்கு நிகர். 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டுத் 'தேஜஸ்' போர் விமானத்தின் உடற்கட்டு எடையில் ஏறக்குறைய 45 விழுக்காடு கூட்டுப்பொருளே. ராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், ஏவுகணைக்காக உருவான இலேசான கூட்டுப்பொருளைக் கொண்டு, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு எடை குறைந்த ஊன்றுகருவிகள் செய்யத் துணைநின்றதை நாம் அறிவோம்.

ஆணிக்குப் பதில் பசை ஏன்?

இரண்டு பாகங்களை இணைக்க ஆணியோ போல்ட்டோ போடலாமே, பசை எதற்கு என்ற கேள்வி எழலாம். ஆணி அடிக்க ஓட்டை வேண்டும். கூட்டுப்பொருளில் ஓட்டை போட்டால் பலம் தரும் இழைகள் அறுபட்டுப் போகின்றன. மேலும், சுமை முழுவதும் அந்த ஓட்டையின் விளிம்பில் வந்து குவிகிறது. நோட்டுத் தாளில் கோப்புக்காகப் போட்ட ஓட்டையிலிருந்தே தாள் கிழிவதை நாம் தினமும் பார்க்கிறோமல்லவா?

பசையோ ஒட்டிய பரப்பு முழுவதிலும் சுமையைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஓட்டை இல்லை, கூடுதல் எடை இல்லை, மழை நீர் புக இடைவெளியும் இல்லை. இரு சக்கர வாகனத்தின் பிரேக் கட்டையில் உராயும் பட்டையும், காரின் முன்கண்ணாடியும் பசையால்தான் ஒட்டப்படுகின்றன. நெடுஞ்சாலையில் சில சமயம் மிக நீண்ட வண்டிகளில் காற்றாலையின் இறக்கைகள் செல்வதைக் காணலாம். அவ்விறக்கை ஒரே துண்டாகத் தோன்றினாலும், இரண்டு ஓடுகளை எதிரெதிரே வைத்து விளிம்பு நெடுகிலும் பசையால் ஒட்டியதேயாகும்.

பொருளுக்கும் களைப்பு உண்டு

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்பது நம் பழமொழி. ஒரே ஓர் எறும்பு ஒருமுறை நடந்தால் கல்லுக்கு ஒன்றும் நேராது. பல்லாயிரம் முறை நடந்தால்? இதே உண்மையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆகஸ்ட் வோலர் என்னும் பொறியாளர் ரயில் அச்சுகளில் ஆராய்ந்தார். அச்சுகள் தாங்கக்கூடிய சுமையைவிடக் குறைந்த சுமையிலேயே பல நாள் ஓடிய பின் முறிந்தன. ஒருமுறை தாங்கும் சுமையைப் பல இலட்சம் முறை தாங்க முடியாது என்பதை அவர் சோதனைகளால் காட்டினார். இதையே பொருளின் களைப்பு என்கிறோம்.

இதை நம் கையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு ஹேர்பின்னை இழுத்து அறுக்க நம்மால் முடியாது. அதையே முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் ஒரு கட்டத்தில் 'டக்'கென்று முறிந்துவிடும். கடைசியாக வளைத்தபோது நாம் அதிக பலம் போடவில்லை. முன்னர் வளைத்த ஒவ்வொரு முறையும் அதன் உள்ளே ஒரு சிறு காயத்தை விட்டுச் சென்றிருந்தது.

மனிதனுக்குக் களைப்பு வந்தால் உறங்கி எழுந்ததும் நீங்கிவிடும். பொருளின் களைப்புக்கு ஓய்வு மருந்தாகாது. அது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

காற்றாலை இறக்கையை எண்ணிப் பாருங்கள். அது நிமிடத்துக்கு 15 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு நாளில் 21,600 சுற்று. ஓராண்டில் 78,84,000 சுற்று. 20 ஆண்டுகளில் 15 கோடிக்கும் மேல்! காற்றின்றி நிற்கும் நேரத்தைக் கழித்தாலும் 10 கோடிக்குக் குறையாது. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை இறங்கும்போது அதன் எடை ஒரு பக்கம் வளைக்கிறது. ஏறும்போது மறுபக்கம் வளைக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் ஒவ்வோர் இறக்கையின் பசைக் கோடும் இத்தனை கோடி வளைவுகளைத் தாங்கியாக வேண்டும்.

விரிசல் எங்கே பிறக்கிறது?

பள்ளிக்கு அணிந்துவரும் ஷூவின் அடிப்பாகம் பிய்ந்துபோனால் அது எங்கிருந்து பிய்கிறது என்று கவனித்தீர்களா? நடுப்பாதத்திலிருந்து அன்று, முன் நுனியிலிருந்துதான் 'வாயைத் திறக்கிறது'. இதற்குக் காரணம் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிய இரண்டு பட்டைகளை இழுத்தால், பசை முழுவதும் சமமாகச் சுமப்பதில்லை. இரு முனைகளிலும் உள்ள பசையே பெரும் பங்கைச் சுமக்கிறது. நடுவிலுள்ள பசை சிறிதளவே சுமக்கிறது. 1938இல் வோல்கர்சன் என்பவர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆகையால் ஒட்டும் பரப்பை இரட்டித்தாலும் பலம் இரட்டிப்பதில்லை.

மேலும் ஒன்று. பசை, பக்கவாட்டில் இழுப்பதை நன்கு தாங்கும், உரிப்பதைத் தாங்காது. இரண்டு தபால் அட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறும்படி ஒட்டி, நன்கு காய்ந்த பின் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், எளிதில் வராது. அதே ஒட்டை ஒரு மூலையிலிருந்து வாழைப்பழத் தோல்போல் உரித்துப் பாருங்கள், சுலபமாகப் பிரியும். நீளவாக்கில் இழுக்கும்போது முழுப் பரப்பும் எதிர்க்கிறது. உரிக்கும்போது மெல்லிய ஒரு கோடு மட்டுமே எதிர்க்கிறது.

துணிக்கடைக்காரர் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கத்தரியால் விளிம்பில் சிறிது வெட்டிவிட்டு, இரு கைகளாலும் பிடித்துச் 'சர்'ரென்று கிழிப்பார். அந்தச் சிறு வெட்டு இல்லாவிட்டால் அவராலும் எளிதில் கிழிக்க முடியாது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கருங்கல் குவாரிகளில் கல் உடைப்போரும் இவ்வழியையே கைக்கொண்டனர். ஒரே கோட்டில் சிறு குழிகளை வெட்டி, அவற்றில் ஆப்பு வைத்து, ஒவ்வொன்றாகச் சம்மட்டியால் தட்டிக்கொண்டே போவார்கள். யானைபோன்ற பாறை அக்கோட்டிலேயே பிளந்து நிற்கும்.

இதன் கணக்கை ஆங்கிலேய விஞ்ஞானி கிரிஃபித் 1921இல் வெளியிட்டார். இழுபட்ட பொருளுக்குள் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. விரிசல் சிறிது நீளும்போது அந்த ஆற்றலில் ஒரு பகுதி விடுபடுகிறது. அவ்வாறு விடுபடும் ஆற்றல், புதிய பிளவுப் பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றலைவிட மிகுந்தால் விரிசல் தானாகவே ஓடும். விரிசல் நீள நீள அதை மேலும் நீட்டக் குறைந்த விசையே போதும். சிறிய விரிசல் மெல்ல நடக்கும். பெரிய விரிசல் ஓடும்.

பசை இணைப்பில் இது இன்னும் கொடிது. உலோகத்தில் சுமை இரு மடங்கானால் விரிசல் வளரும் வேகம் பெரும்பாலும் 8 முதல் 16 மடங்கு கூடும். பசை இணைப்பிலும் கூட்டுப்பொருளிலும் அதைவிடப் பன்மடங்கு கூடும். ஆகையால் 'விரிசல் வரட்டும், வளர்வதைக் கண்காணித்துப் பழுது பார்ப்போம்' என்று இங்கே இருக்க இயலாது. விரிசல் வளரவே கூடாது என்னும் அளவுக்குச் சுமையைக் குறைத்து வடிவமைக்கிறார்கள்.

இரண்டு விமானங்கள் சொல்லும் பாடம்

பசையின் தோல்வி எத்தகையது என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் உலகுக்கு உணர்த்தின.

முதலாவது 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் நடந்தது. அலோஹா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்கு 95 பேருடன் சென்றது. 24,000 அடி உயரத்தில் அதன் மேற்கூரையில் ஏறக்குறைய 18 அடி நீளம் பிய்த்தெறியப்பட்டது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். விமானிகள் அரிய திறமையால் விமானத்தை மாவி தீவில் இறக்கி ஏனைய 94 பேரையும் காப்பாற்றினர்.

அவ்விமானத்தின் உடல் அலுமினியத் தகடுகளால் ஆனது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பசையும் தறையாணியும் இருந்தன. பசை சுமக்க, தறையாணி துணை நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அக்காலத்தில் குளிர்பெட்டியில் வைத்துப் பயன்படுத்திய அந்தப் பசைப் பட்டை, சில இடங்களில் ஈரத்தாலும் சரியாக ஒட்டாததாலும் பிரிந்துபோயிற்று. கடற்காற்றின் உப்பு உள்ளே புகுந்து அரித்தது. பசை விட்ட சுமை தறையாணி ஓட்டைகளின்மேல் விழுந்தது. ஒவ்வொரு பயணத்திலும் விமான உடல் காற்றழுத்தத்தால் உப்பி, இறங்கும்போது சுருங்குகிறது. 19 ஆண்டுகளில் 89,680 பயணங்கள்! ஓட்டைக்கு ஓட்டை முளைத்த சிறு விரிசல்கள் ஒரு நாள் கைகோத்துக்கொண்டன.

இதில் நம் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. அன்று விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி, உடலில் நீண்ட விரிசல் ஒன்றைக் கண்டார். ஆனால் அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை.

முதல் விமானம் உலோகம். இரண்டாவது நிகழ்ச்சியோ முழுக்க முழுக்கக் கூட்டுப்பொருளைப் பற்றியது. 2005 மார்ச் 6 அன்று ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ-310 விமானம் கியூபாவின் வரதேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்கு 271 பேருடன் புறப்பட்டது. 35,000 அடி உயரத்தில் பெரும் சத்தம் கேட்டது. விமானம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. விமானிகள் திரும்பிவந்து வரதேரோவிலேயே பத்திரமாக இறக்கினர். இறங்கிப் பார்த்தபோது வாலிலுள்ள சுக்கான் ஏறக்குறைய முழுவதும் காணாமற் போயிருந்தது! இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை.

அந்தச் சுக்கான், தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட இலேசான நடுப்பகுதியின் இருபுறமும் கார்பன் இழைத் தோலை ஒட்டிச் செய்தது. விமானம் புறப்படும் முன்பே உள்ளே பழுது இருந்தது என்றும், தோல் பிரிந்தோ நடுப்பகுதி பிளந்தோ இருந்த அந்தப் பழுது பறக்கையில் பரவியது என்றும் கனடா நாட்டு ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். பலமற்ற ஒட்டு அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்றனர். அதுவரை நடைமுறையில் இருந்த பரிசோதனை முறைகள் இத்தகைய பழுதுகளை எல்லாம் கண்டுபிடிக்கப் போதுமானவை அல்ல என்றும் எடுத்துரைத்தனர்.

தாமரை இலையும் குளிர்ந்த தம்ளரும்

அவ்வாறாயின் நல்ல ஒட்டுக்கு எது ஆதாரம்? விலையுயர்ந்த பசையா? பசையைவிட, பசை தடவும் பரப்பின் தூய்மையே முதல் ஆதாரம் என்பது பொறியாளர்களின் அனுபவம்.

தாமரை இலையில் தண்ணீர் ஊற்றினால் முத்துமுத்தாய் உருண்டு ஓடும், இலையை நனைக்காது. எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டிலும் நீர் துளித்துளியாய் நிற்கும். நன்கு துலக்கிய தட்டிலோ நீர் மெல்லிய ஏடாகப் பரவும். பசையும் நீரைப் போன்றதே. பரப்பில் பரவினால்தான் ஒட்டும், உருண்டால் ஒட்டாது. ஆகவே தொழிற்சாலைகளில் பரப்பைச் சுரண்டித் துடைத்தபின் சிறிது நீர் தெளித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. நீர் ஏடாக விரிந்தால் பரப்பு சுத்தம். முத்தாகச் சுருண்டால் மீண்டும் சுத்தம் செய்ய வேண்டும். விரலால் தொட்டாலே போதும். நம் தோலிலுள்ள எண்ணெய்ப் பசை அங்கே படிந்துவிடும். அதனால்தான் அங்குப் பணிபுரிவோர் கையுறை அணிகிறார்கள்.

அடுத்த எதிரி ஈரம். குளிர்ந்த நீர் ஊற்றிய தம்ளரின் வெளிப்புறத்தில் பனித்துளிபோல் நீர் அரும்புவதை அறிவோம். விமானப் பசைப் பட்டைகளும், ரெசின் தோய்ந்த இழைத் துணிகளும் கெட்டுப்போகாமலிருக்கச் சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியசில் வைக்கப்படுகின்றன. வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரித்தால் தம்ளரைப் போலவே அதன்மேலும் நீர் அரும்பும். அந்நீர் ஒட்டுக்குள் சிறைப்பட்டு, பிற்பாடு விரிசலுக்கு வித்தாகும். எனவே அறையின் வெப்பத்துக்கு வரும்வரை உறையைப் பிரிக்காமல் காத்திருக்க வேண்டும். பொறுமையற்ற ஒருவர் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்த விரும்பினால், அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்து வானத்தில் தெரியலாம்.

தட்டிப் பார்த்தால் தெரியுமா?

சந்தையில் மண்பானை வாங்கும்போது நம் பாட்டிமார் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். 'கணீர்' என்றால் நல்ல பானை. 'பொத்' என்றால் கீறல் விழுந்த பானை. விமானப் பரிசோதகரும் இதைத்தான் செய்கிறார் என்றால் சிரிப்பு வருகிறதா? நாணயத்தாலோ சிறு சுத்தியாலோ கூட்டுப்பொருளின் மேற்பரப்பைத் தட்டிக்கொண்டே போய், சத்தம் மந்தமாகும் இடத்தில் ஒட்டு பிரிந்துள்ளது என்று குறித்துக்கொள்வார். இன்று செவிக்கு எட்டாத மீயொலி அலைகளை அனுப்பி, அவை திரும்பும் விதத்தைக் கொண்டு உள்ளே இடைவெளி உண்டா என்று கண்டுபிடிக்கும் கருவிகளும் உள்ளன.

ஆயினும் இங்கேதான் பெரும் சங்கடம் இருக்கிறது. இக்கருவிகள் இடைவெளியைக் காட்டும், பலவீனத்தைக் காட்டா. எண்ணெய் படிந்த பரப்பில் தடவிய பசை, இடைவெளியின்றிப் பரப்பைத் தொட்டுக்கொண்டே இருக்கலாம். தட்டினால் 'கணீர்' என்றே ஒலிக்கும். மீயொலியும் தடையின்றிக் கடந்து செல்லும். ஆனால் அது தொட்டிருக்கிறதே தவிர ஒட்டவில்லை! ஓர் ஒட்டு எவ்வளவு சுமை தாங்கும் என்பதை, அதை உடைக்காமல் அளந்து சொல்லும் நம்பகமான வழி நடைமுறையில் இதுவரை கைகூடவில்லை.

விரிசலுக்கு வேலி

கண்ணுக்குத் தெரியாத பகைவனை எப்படி வெல்வது? விமானப் பாதுகாப்பு நெறிகள் மூன்று வழிகளைக் காட்டுகின்றன. ஒன்று, ஒட்டு பிரிந்தாலும் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் பரவாதபடி இடையிடையே போல்ட் போன்ற தடைகளை அமைப்பது. வயலில் வரப்பு கட்டுவதைப் போன்றது இது. ஒரு பாத்தி உடைந்தாலும் அடுத்த பாத்தி தப்பும். இரண்டு, செய்த ஒவ்வொரு பாகத்தையும் பயன்படுத்தும் முன்பே குறிப்பிட்ட சுமை ஏற்றித் தாங்குகிறதா என்று பார்ப்பது. மூன்று, ஒவ்வோர் ஒட்டின் பலத்தையும் உறுதியாகச் சொல்லக்கூடிய பரிசோதனையால் அறிவது. மூன்றாவது வழி கைகூடாமையால் முதல் இரண்டையே பெரிதும் நம்புகிறார்கள். எனவேதான் பசை போதும் என்று கணக்குச் சொன்ன இடத்திலும் போல்ட் போடப்படுவதைக் காண்கிறோம்.

வடிவமைப்பிலும் உபாயங்கள் உண்டு. பட்டையின் முனையைச் செங்குத்தாக விடாமல் சரிவாகச் சீவினால், முனையில் குவியும் சுமை குறைகிறது. எப்பாக்சிப் பசையில் மிக நுண்ணிய ரப்பர்த் துகள்களைக் கலந்தால், ஓடிவரும் விரிசலின் முனை அங்கே நீண்டு மழுங்கித் தன் ஆற்றலை இழக்கிறது. புதிய பசையைச் சோதிக்க, இரண்டு பட்டைகளை ஒட்டி, ஒரு முனையை மட்டும் ஒட்டாமல் விட்டு, அம்முனையிலிருந்து பிரித்து, விரிசல் எவ்வளவு விசைக்கு எவ்வளவு நகர்கிறது என்று அளக்கிறார்கள். அதே சோதனையைச் சிறு விசையால் இலட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்து களைப்பையும் அளக்கிறார்கள்.

நம் ஊரும் நாமும்

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அன்றுமுதல் இவ்வட்டாரம் மாறத் தொடங்கியது. 1980இல் அங்கு லாரித் தொழிற்சாலையும் மொபெட் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. இன்று கைபேசிப் பாகங்கள், மின்சார வாகனங்கள், விமானப் பாகங்கள் எனப் பல பொருள்கள் நம் மாவட்டத்தில் உருவாகின்றன. தக்காளியும் மாவும் விளைந்த கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் அதிகாலைப் பேருந்துகளில் வேலைக்குச் செல்கிறார்கள். நம்மில் பலருடைய தந்தையரும் அக்காமாரும் அவர்களுள் இருக்கிறார்கள். நாளை நாமும் இருக்கலாம்.

அங்கே ஒருவர் துணியால் ஒரு பரப்பைத் துடைக்கும் வேலை செய்கிறார் என்றால், 'துடைக்கிற வேலைதானே' என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். ஆனால் எந்தக் கருவியாலும் பிற்பாடு சரிபார்க்க முடியாத வேலை அது. அந்த ஒட்டுக்கு மெய்யான பரிசோதகர், அதை ஒட்டியவரே. இரவு ஷிப்டில், மேற்பார்வையாளர் அருகில் இல்லாத வேளையில், ஒருமுறை துடைத்தாரா இருமுறை துடைத்தாரா என்பது அவருடைய மனச்சாட்சிக்கு மட்டுமே தெரியும். முகமறியாத யாரோ ஒரு பயணியின் உயிர் அந்த மனச்சாட்சியை நம்பிப் பறக்கிறது. ஆதலால் அத்தொழிலாளர்க்குப் போதிய நேரமும் பயிற்சியும் ஓய்வும் தருவது நிறுவனங்களின் கடமை. களைத்த கைகளிலிருந்து களைப்பில்லாத ஒட்டு பிறக்காது.

அன்பான தோழியரே! படிக்கும் இக்காலத்திலேயே இரண்டு பழக்கங்களை நாம் கைக்கொள்வோம். பிறர் பார்க்காத இடத்திலும் வேலையைச் செவ்வனே செய்வது ஒன்று. ஒரு விரிசலைக் கண்டால், அது யாருடைய பொறுப்பாயினும், உடனே உரியவரிடம் சொல்லிவிடுவது மற்றொன்று. வகுப்பறைச் சுவரிலோ, பேருந்துப் படியிலோ, ஊஞ்சல் கொக்கியிலோ நாம் காணும் கீறல் சிறிதாகவே இருக்கலாம். சிறிதாய் இருக்கும்போது சொன்னால்தான் பயனுண்டு.